துளை போடாமல் வீணைக்கு ஒரு மிதவைப் பிக்கப்

வீணையின் பலகையில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. ஒரு திருகாணி, ஒரு சொட்டுப் பசை, மெருகை உரிக்கும் ஒரு ஒட்டுநாடா எதுவும் கூடாது. நாளைக்கே வேண்டாம் என்று தோன்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றி, வீணையைப் பழையபடி உறையில் வைக்க முடிய வேண்டும். இந்த நிபந்தனைகளோடுதான் ஆர்ச்டாப் கிட்டாருக்கென்று செய்யப்பட்ட மிதவைப் பிக்கப் ஒன்றை எங்கள் மயிலாப்பூர் வீட்டு வீணையில் பொருத்திப் பார்த்தேன். அதைத் தாங்க ஒரு பித்தளைக் கை, குமிழ்களை வைக்க ஒரு அக்ரிலிக் தகடு, தாளத் தந்திகளுக்காக ஒரு பீசோ வில்லை, கையடக்கமான ஒரு முன்பெருக்கி. இவ்வளவுதான் உபகரணம். வீட்டிலும் அரங்கிலும் பல மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

வீணை என் பெரியம்மாவுடையது. தஞ்சாவூரில் செய்த ஏகாந்த வீணை; குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே பலாமரத்தில் குடைந்தவை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே செய்த வாத்தியம் இது. இதில் துளை போடுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். எனக்குப் பிறகும் இதை யாரோ வாசிக்க வேண்டும்.

வீணையின் சத்தம் சின்னது. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, கேட்க வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வார்கள். விரல் நுனியால் மெதுவாக மீட்டுகிற அந்த வாசிப்புக்கு அந்தக் கூடத்தின் அளவு சரியாக இருந்தது. இன்று அதே வாத்தியம் ஆயிரத்துக்கும் மேல் இருக்கைகள் உள்ள மியூசிக் அகாடமி அரங்கில், மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. தியாகராய நகர் கிருஷ்ண கான சபாவோ வாணி மஹாலோ, எங்கே போனாலும் மைக் இல்லாமல் வீணைக் கச்சேரி கிடையாது. லஸ்ஸில் உள்ள ராகசுதா போன்ற சிறிய கூடத்தில் மட்டும் மைக் இல்லாமல் கேட்கலாமே என்று மனம் ஏங்கும். அங்கேயும் மின்விசிறி, குளிர்சாதனம், தெருவில் போகிற ஆட்டோ எல்லாம் இருக்கின்றன.

குடத்துக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்துவதுதான் பழைய வழக்கம். நாதம் அதில்தான் இயல்பாக வரும். அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினால் மைக் ஊளையிடத் தொடங்கும், பக்கத்தில் இருக்கும் மிருதங்கத்தின் வலந்தலை வீணையைவிடப் பெரிதாக அதே மைக்கில் விழும். ஆகவே பலரும் பலகையில் கான்டாக்ட் மைக், அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வில்லை, ஒட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ரசிகர்களிடம் நல்ல பெயர் இல்லை. "தகர டப்பா மாதிரி இருக்கு" என்பதுதான் டிசம்பர் சீசனில் சபா கேன்டீனில் காதில் விழும் விமர்சனம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பழி போய்ச் சேரும் இடம் பல நேரம் தவறு. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது அதைத்தான். கெடுப்பது பெரும்பாலும் ஒட்டிய வில்லை அல்ல. அதன் ஒயர் எங்கே போய்ச் சொருகப்படுகிறது என்பதுதான்.

கணக்கைப் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் 27 மி.மீ. பீசோ வில்லை ஒன்றின் மின்தேக்குத்திறன் சுமார் 20 நானோஃபாரட். அதை மிக்சரின் லைன் உள்ளீட்டில், அதாவது 10 கிலோ ஓம் மின்தடையில், நேராகச் சொருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எல்லாம் படிப்படியாகத் தேய்ந்துபோகும். மைக் உள்ளீட்டில் சொருகினால் இன்னும் மோசம். அங்கே மின்தடை 2 கிலோ ஓம் அளவுதான், எனவே தேய்வு 4000 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். இப்போது வீணையைப் பாருங்கள். மூன்று கட்டை சுருதியில் சாரணித் தந்தியின் ஸட்ஜம் 165 ஹெர்ட்ஸ். பஞ்சமம் 124, மந்தரம் 82, அனுமந்தரம் 62. நான்கு தந்திகளின் அடிநாதமும் அந்த 800-க்கு எவ்வளவோ கீழே கிடக்கிறது. மிஞ்சுவது நகம் பட்ட சத்தமும், மெட்டில் தந்தி உரசும் சத்தமும், மேல்சுரங்களும்தான். அதைத்தான் ரசிகர் தகர டப்பா என்கிறார். அதே வில்லையை 1 மெகா ஓம் உள்ளீட்டில் சொருகினால் தேய்வு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது; அதாவது காதுக்குத் தெரிகிற எந்த ஒலியும் இழக்கப்படுவதில்லை. வில்லை அதேதான், வீணை அதேதான், வாசிப்பவரும் அவரேதான்.

இனி மிதவைப் பிக்கப்புக்கு வருகிறேன். இந்த யோசனை அமெரிக்க ஜாஸ் கிட்டாரிலிருந்து வந்தது. ஆர்ச்டாப் என்பது வயலினைப் போல மேல்பலகையை வளைவாகச் செதுக்கிச் செய்யும் கிட்டார். அதன் குதிரையும் வயலினில் உள்ளதுபோல் ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கும். கிப்ஸன் நிறுவனத்தின் எல்-5 கிட்டார் 1922-இல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் நிறைந்த பெரிய வாத்தியக் குழுக்களில் கிட்டார் காணாமல் போயிற்று. வீணைக்கு மிருதங்கத்தின் பக்கத்தில் நேர்வதுதான் அங்கே அதற்கு நேர்ந்தது. செதுக்கிய பலகையில் ஓட்டை போட்டுப் பிக்கப்பைப் புதைத்தால் பலகையின் அதிர்வு கெடும். ஆகவே 1930-களில் டிஆர்மண்ட் காந்தச் சுருள் பிக்கப்கள் வந்தன. அவை பலகையைத் தொடாமல், தந்திகளுக்கு அடியில் ஒரு தண்டில் தொங்கின. 1961-இல் வந்த கிப்ஸன் ஜானி ஸ்மித் கிட்டாரிலும் பிக்கப் பலகையைத் தொடவில்லை. ஆர்ச்டாப்பில் பலகைக்கு மேல் உயர்த்திப் பொருத்தப்பட்ட பிக்கார்டு தகடு ஒன்று உண்டு. முதலில் அது கை ஊன்றிக்கொள்ள வந்தது. பிற்பாடு ஒலி கூட்டுகிற குமிழையும் அதிலேயே வைத்துக்கொண்டார்கள், பலகை தப்பித்தது.

நம் நாட்டுக்கும் ஆர்ச்டாப் அந்நியமல்ல. விஸ்வ மோகன் பட் தன் மோகன வீணையை அந்தக் கிட்டாரின் உடலை மாற்றியமைத்துத்தான் உருவாக்கினார். நமது மேடைகளில் யூ. ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகு, காந்தச் சுருளில் கமகம் வராது என்று யாரும் சொல்ல முடியாது.

நான் வாங்கியது ஒல்லியான ஹம்பக்கர் வகைப் பிக்கப். இரண்டு சுருள்களும் ஒன்றன் இரைச்சலை ஒன்று அடித்துவிடும்படி சுற்றப்பட்டவை. வீணைக்கு வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: தந்திக்கு ஒன்றாகத் தனித்தனிக் காந்தக் குமிழ் இருக்கும் வகை வேண்டாம், நீளவாக்கில் ஒரே இரும்புப் பட்டை ஓடும் வகை வேண்டும். கிட்டார்க்காரர் தந்தியை இழுப்பதைவிட வீணையில் நாம் இழுப்பது மிக அதிகம். குதிரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும் மெட்டில் தந்தியை 2 செ.மீ. இழுக்கிறோம் என்று வையுங்கள். பிக்கப் குதிரையிலிருந்து 18 செ.மீ. தூரத்தில் இருந்தால் அந்த இடத்தில் தந்தி 6 மி.மீ. நகர்கிறது. தனிக் குமிழ் என்றால் தந்தி தன் காந்தத்தை விட்டு விலகி அடுத்த தந்தியின் காந்தத்தின் மேலேயே போய் நிற்கும். தோடியின் காந்தாரத்தை அசைக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி தேய்ந்து வளரும். ஒரே பட்டை என்றால் தந்தி எங்கே நகர்ந்தாலும் அதற்கு அடியில் காந்தம் இருக்கிறது. தந்திகளுக்கு இடையே உள்ள இடைவெளி கிட்டாருக்கும் வீணைக்கும் வேறு என்ற சிக்கலும் இதனால் தீர்ந்துவிடுகிறது.

பொருத்துவதில்தான் நேரம் போயிற்று. பலகையின் மேல் இரண்டு கால் வைத்து நிறுத்தினால் எளிது. ஆனால் அந்தக் கால்கள் பலகையின் அதிர்வை அமுக்கும், பிறகு மிதவை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே தண்டி குடத்தோடு சேரும் இடத்தில், தாளத் தந்திகள் இல்லாத பக்கமாக, ஒரு சிறிய மரக்கட்டையை வைத்து அதிலிருந்து பித்தளைக் கை ஒன்றைத் தந்திகளுக்கு அடியில் நீட்டினேன். கட்டையின் உட்புறம் முழுக்க மெல்லிய கார்க். கட்டையைத் தண்டியோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பருத்தி நாடா. அது தாளத் தந்திகளுக்கு அடியில் தண்டியை ஒட்டியபடி சுற்றி வந்து கொக்கியில் இறுகுகிறது. மந்தைவெளியில் கட்டையைச் செய்து கொடுத்த ஆசாரி, "ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டுட்டா ஜென்மத்துக்கும் ஆடாது சார்" என்று கேட்டுப் பார்த்தார். வீணையை வெளியில் எடுத்துக் காட்டியதும், மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூ பேச்சை அவரே விட்டுவிட்டார். தண்டியின் வளைவுக்குத் தக்கபடி கட்டையை அவர் இழைத்துக் கொடுத்த நேர்த்தியால்தான் இது இன்றுவரை ஆடவில்லை.

ஒட்டுநாடா ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீணைகளின் மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். சென்னை வெயிலில் அது இளகும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவை ஒரு சித்திரை மாதம் முழுக்க விட்டுவைத்து உரித்தால் மெருகும் கூடவே வரும். அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் பலகையில் சதுரமாக வெளிறிப்போன தழும்போடு எத்தனையோ வீணைகள் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிக்கப்பின் உயரத்தைத் தீர்மானிக்க ஒரு வழி: கடைசி மெட்டில் தந்தியை நன்றாக அழுத்திப் பிடித்து, அந்த நிலையில் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே 3 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். அதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். கார்வை குறையும், அனுமந்தரத்தில் ஒரு அலைச்சல் கேட்கும், சுருதியே சற்றுச் சந்தேகமாக இருக்கும். தூரம் போனால் ஒலி மெலியும், ஆனால் நாதம் கெடாது. மெலிந்த ஒலியை முன்பெருக்கியில் ஏற்றிக்கொள்ளலாம். எனவே ஐயம் இருந்தால் தள்ளியே வையுங்கள்.

தந்தி விஷயம் முக்கியமானது, கடையில் யாரும் சொல்வதில்லை. காந்தப் பிக்கப்புக்குக் கேட்பது இரும்பு, நிக்கல் போன்ற காந்தம் ஈர்க்கும் உலோகம் மட்டுமே. பித்தளை, வெண்கலம் எதுவும் அதற்குக் கேட்காது. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளைத் தந்தி கட்டும் வழக்கம் உள்ளவர்கள் இந்தப் பிக்கப்பை மாட்டினால் சாரணி முழங்கும், மந்தர ஸ்தாயி இருக்கிற இடமே தெரியாது. எஃகு நடுக்கம்பி உள்ள சுற்றுத் தந்திக்கு மாறினால் நான்கும் கேட்கும். அப்போதும் மேலே சுற்றியிருப்பது செம்போ வெண்கலமோ என்றால் நடுக்கம்பிதான் கணக்கு. நிக்கல் சுற்று என்றால் நான்கு தந்தியும் ஏறக்குறையச் சமமாக நிற்கும். பித்தளையின் இனிமையான கீழ்நாதத்தில் பழகியவர்களுக்கு இது உண்மையான இழப்பு. அந்த இழப்பை ஏற்க மனமில்லாதவர்கள் காந்தப் பிக்கப் பக்கமே வர வேண்டாம்; பீசோவும் நல்ல முன்பெருக்கியும் அவர்களுக்குப் போதும்.

அடுத்தது தகடு. 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, முனைகளை உருட்டித் தேய்த்து, அதே பித்தளைக் கையிலிருந்து தொங்கவிட்டேன். பலகைக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில், மீட்டும் கை படாத ஓரமாக அது நிற்கிறது. பழைய அமெரிக்க பிக்கார்டுகளைப் போல செல்லுலாய்டில் செய்தால் அழகாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செல்லுலாய்டு வயதாக ஆக அமில ஆவி விட்டுச் சிதையும், பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும். சூடும் ஈரமும் இரண்டும் உள்ள நம் ஊருக்கு அது ஆகாது. தகட்டில் இரண்டு குமிழ், ஒரு ஜாக் துளை. ஒரு குமிழ் காந்தப் பிக்கப்புக்கு. மற்றொன்று எதற்கு என்பதில்தான் வீணை கிட்டாரிலிருந்து பிரிகிறது.

நான்கு வாசிப்புத் தந்திகள் மட்டும்தான் பிக்கப்பின் மேல் ஓடுகின்றன. பக்கவாட்டில் ஓடும் மூன்று தாளத் தந்திகள் அதற்குக் கேட்பதே இல்லை. முதல்முறை வாசித்துப் பார்த்தபோது ராகம் நன்றாகவே இருந்தது. தானத்துக்கு வந்ததும் வாத்தியத்தின் பாதியைக் காணோம். சுண்டுவிரல் தாளத் தந்தியைத் தட்டுகிற அந்த மணியோசை இல்லாத தானம் தானமே அல்ல. ஆகவே தாளத் தந்திகள் ஏறிச் செல்லும் பக்கக் குதிரையின் அடியருகே ஒரு சிறிய பீசோ வில்லையை வைத்தேன். ஒட்டியது மெட்டுகளைப் பதிக்கிற மெழுகைக் கொண்டுதான். வீணைக்கு மேளம் கட்டுகிறவரிடம், அதாவது மெட்டுப் பதிப்பவரிடம், கேட்டால் ஒரு உருண்டை கொடுப்பார். நன்றாகப் பிடிக்கும், அதிர்வைக் கடத்தும், விரல் சூட்டில் வழித்து எடுத்துவிடலாம். தகட்டின் இரண்டாவது குமிழ் இந்த வில்லையின் ஒலிக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சால்டரிங் வேலை எதையும் வீணைக்கு அருகில் செய்யாதீர்கள். மெட்டுப் பதித்த மெழுகு சூடு தாங்காது. ஒரு மெட்டு இம்மி நகர்ந்தால் மேளம் முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். எல்லா இணைப்பையும் மேசையில் முடித்துவிட்டு, தகட்டோடு கொண்டுவந்து மாட்டுங்கள். எனக்கு வந்த பிக்கப்பின் ஒயர் முடிபோல் மெல்லியது. சால்டர் செய்த இடத்தில் இழுபட்டு ஒருமுறை விட்டுப்போயிற்று. இப்போது அதைத் தகட்டின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். இழுவிசை கட்டில் நின்றுவிடுகிறது, இணைப்புக்குப் போவதில்லை. விலைக்கு ஏற்ற ஒயர் அல்ல அது.

முன்பெருக்கி எளிமையானது. ஒரு ஜெஃபெட் டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி; எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும். சால்டரிங் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஒரு மாலையில் செய்து தருவார். பீசோவின் ஒலி முதலில் இந்தச் சுற்றில் நுழைந்து வெளியேறிய பிறகுதான் காந்தப் பிக்கப்பின் ஒலியோடு சேர வேண்டும். நேராகச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கும். சேர்த்த பின் மந்தரத்தை மீட்டிப் பாருங்கள். இரண்டு குமிழையும் திறந்தால் கீழ்நாதம் கூடுவதற்குப் பதில் மெலிந்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன என்று பொருள். பிக்கப்பின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பிக்கப்பின் உலோக உறை புவி ஒயரோடு ஒன்றாக இணைந்திருந்தால் மாற்றக் கூடாது. உறை இரைச்சலை வாங்கத் தொடங்கிவிடும். உறைக்குத் தனி ஒயர் உள்ள வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இரைச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். ஹம்பக்கரே ஆனாலும் அரங்க விளக்குகளின் டிம்மர் அருகில் லேசான ரீங்காரம் வரும். வீணையில் அதற்கு ஒரு வசதி உண்டு: எல்லாத் தந்தியும் நாகபாசத்தில் முடிகிறது. நாகபாசத்தை ஒரு சிறிய கவ்வியால் பிடித்து ஒயரைத் தகட்டின் புவி இணைப்போடு சேர்த்தால் வாசிப்பவரின் உடலே கவசமாகி ரீங்காரம் அடங்கிவிடுகிறது. அழகான தீர்வுதான்; ஆனால் புவி இணைப்பு சரியில்லாத அரங்கில் இது ஆபத்து. தந்தியில் கை வைத்துக்கொண்டே அறிவிப்பு மைக்கைத் தொட்டால் மின்சாரம் தாக்கலாம். மின்மாற்றி உள்ள டி.ஐ. பெட்டி (வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் இணைப்புப் பெட்டி) வழியாக மட்டுமே மிக்சருக்குப் போங்கள். அது இல்லை என்றால் கவ்வியைக் கழற்றிவிட்டு ரீங்காரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிக் கேட்கிறது? காந்தப் பிக்கப்பை மட்டும் திறந்தால் சாரணி உருண்டு திரண்டு வருகிறது. ஜாருவும் நீண்ட இழுப்பும் கடைசித் துளி வரை கேட்கின்றன. வீட்டில் கேட்காத கார்வை இதில் கேட்கிறது. ஒரே மீட்டில் நான்கு ஸ்வரம் இழுத்து, நான்காவதை நிறுத்தி வைத்தாலும் அது அறைக் கடைசிக்குப் போகிறது. மெட்டில் விரல் உரசும் சத்தம் குறைவு. ஒலிபெருக்கியை ஏற்றினாலும் மைக்கைப் போல எளிதில் ஊளையிடுவதில்லை, ஏனென்றால் இது நேராகக் கேட்பது தந்தியை மட்டுமே, காற்றையோ பலகையையோ அல்ல. அதுவே இதன் குறை. பலாமரத்தின் குரல் இதில் இல்லை. ஏகாந்த வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் உள்ள வேறுபாட்டை இதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குடம் எவ்வளவு நேர்த்தியாகக் குடையப்பட்டிருந்தாலும் பிக்கப்புக்கு அது ஒரு பொருட்டல்ல. பெரியம்மா வாசிக்கக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு அது தாங்க முடியாத வறட்சி. பீசோவைக் கொஞ்சமாகத் திறந்ததும் மரம் திரும்பி வந்தது, தாளத் தந்தியும் வந்தது. காந்தத்துக்கு இரண்டு பங்கு, பீசோவுக்கு ஒரு பங்கு என்பது என் வீணைக்குச் சரியாக அமைந்தது. பீசோ அதைத் தாண்டினால் விரல் தட்டும் சத்தமும் வளையல் சத்தமும் வந்துவிடுகின்றன.

மயிலாப்பூரின் சிறிய அரங்கு ஒன்றில், மிருதங்கத்தோடு, நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மைக்செட் பார்த்தவர் முதலில் என் ஒயரை வாங்கி நேராக மைக் சேனலில் சொருகினார். வழக்கமான தகர ஒலி. முன்பெருக்கியையும் டி.ஐ. பெட்டியையும் நடுவில் வைத்துவிட்டு அதே ஆலாபனையைத் தொடரச் சொன்னோம். அவர் ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு மேடையைப் பார்த்தார். "இதே வீணைதானா சார்?" என்றார். குடத்துக்கு முன்னால் ஒரு மைக்கையும் வைத்து மெதுவாகச் சேர்த்தபோது, கடைசி வரிசையில் நான் கேட்டது வீணைதான். மிருதங்கம் ஏறி அடிக்கும்போதும் அனுமந்தரம் தன் இடத்தில் இருந்தது. நல்ல அரங்கு, நல்ல மைக்செட்காரர், சிறிய பக்கவாத்தியம் என்றால் அந்த முன்மைக்கின் பங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். பிக்கப் அடித்தளமாக மட்டும் இருக்கட்டும்.

வேறு வழிகளையும் நினைத்துப் பார்த்தேன். டி.பி.ஏ. 4099 போன்ற கவ்வு மைக்குகளில் நாதம் மிக நன்றாக வரும். ஆனால் விலை வீணைக்குச் சமமாகிவிடும், மேடை மானிட்டரை ஏற்றினால் அவையும் ஊளையிடும். பெங்களூருவில் ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய ரேடெல் நிறுவனத்தின் மின்னணு வீணை பயணத்துக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவில் சாதகம் செய்வதற்கும் ஏற்றது. அது வேறு வாத்தியம், அதன் பயன் வேறு. கையில் பலாமர வீணை இருப்பவருக்கு அதன் குரலைக் காப்பாற்றிக்கொண்டே பெரிதாக்குவதுதான் தேவை.

ஆகவே என் தீர்ப்பு இது. அடிக்கடி கச்சேரி செய்பவர், சுற்றுத் தந்திக்கு மாறத் தயாராக இருப்பவர், வயலினோ கடமோ உடன் வைத்துக்கொள்பவர்: மிதவைப் பிக்கப்பும் பக்கக் குதிரை பீசோவும் சேர்ந்த இந்த அமைப்பைத் தயங்காமல் செய்துகொள்ளலாம். வீட்டில் பாடம் நடத்துபவருக்கும், இணைய வழியில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவருக்கும் இவ்வளவு வேண்டாம். மெழுகில் ஒட்டிய ஒரு பீசோ வில்லையும் அந்த 9 வோல்ட் முன்பெருக்கியும் போதும், செலவும் மிகக் குறைவு. பித்தளைத் தந்தியை விடமாட்டேன் என்பவருக்கும் அதே பரிந்துரைதான். மைக் இல்லாத கூடத்தில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாசியுங்கள். இந்த அமைப்பைக் கழற்ற எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது, பலகையில் ஒரு கீறலும் இல்லை.

சபா நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மேடையிலும் 1 மெகா ஓம் உள்ளீடும் மின்மாற்றித் தனிமைப்படுத்தலும் உள்ள ஒரு டி.ஐ. பெட்டியை நிரந்தரமாக வைத்திருங்கள். மின்மாற்றி மட்டும் உள்ள சாதாரணப் பெட்டியின் 100 கிலோ ஓமில் பீசோவின் கீழ்நாதம் 80 ஹெர்ட்ஸிலேயே தேயத் தொடங்கிவிடும், அனுமந்தரம் மெலிந்துவிடும். கச்சேரிக்கு வருகிற வீணைக் கலைஞர் ஒயரை நீட்டும்போது அதை நேராக மிக்சரில் சொருகாமல் இந்தப் பெட்டியில் சொருகும்படி மைக்செட்காரரிடம் சொல்லிவையுங்கள். வரும் டிசம்பருக்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.